அக்டோபரில் வராதீர்கள்: நெல்லைச் சீமையில் இலை பார்க்கப் போகும் வழி

என் தம்பி மகள் பாஸ்டனில் வேலை பார்க்கிறாள். அக்டோபர் பிறந்துவிட்டால் அவளிடமிருந்து படங்கள் வரத் தொடங்கிவிடும். மலையடிவாரச் சாலை, இரண்டு பக்கமும் மேப்பிள் மரங்கள், குங்குமமும் மஞ்சளும் கொட்டிக் கலைத்த மாதிரி. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கான்கமாகஸ் என்று ஒரு மலைச்சாலை இருக்கிறது, மொத்தம் 34 மைல். இலை பார்ப்பதற்கென்றே அந்தச் சாலையில் கார்கள் ஊர்ந்து போகுமாம். சில வருடங்களுக்கு முன் அவள் எழுதினாள்: "பெரியப்பா, இந்த அக்டோபரில் ஊருக்கு வருகிறேன். நம் ஊர் இலைகளையும் காட்டுங்கள்."

நானும் யோசிக்காமல் வரச் சொல்லிவிட்டேன். வந்தாள். ஐப்பசி அடைமழை. பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசம் வரை வைப்பர் ஓயவில்லை. கண்ணாடிக்கு வெளியே வாழை, பிசானப் பருவ நெல் நாற்றங்கால், வரப்பு, மலை எல்லாம் ஒரே பச்சை. அம்பை தாண்டியதும் அவள் மெல்லச் சொன்னாள்: "எல்லாம் பச்சையாக இருக்கிறது பெரியப்பா." மரியாதை தெரிந்த பிள்ளை, அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

உரக் கம்பெனிப் பிரதிநிதியாக 28 வருடம் இந்தச் சாலைகளில் பைக் ஓட்டியவன் நான். எந்த ஊரில் எந்த மரம் எந்த மாதம் மொட்டையாகும் என்று தெரிந்தவன். நானே போய் இந்தத் தப்பைச் செய்தேன் என்ற வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் காலத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் வடகிழக்கில் இலை நிறம் மாறுவது செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் முழுதும் நடக்கும். வடக்கே வெர்மான்ட், மெய்ன் மாநிலங்களில் முதலில், பிறகு படிப்படியாகத் தெற்கே. இரவு நீள நீள, குளிர் ஏற ஏற, இலையின் பச்சையம் சிதைகிறது. ஏற்கெனவே உள்ளே ஒளிந்திருந்த மஞ்சள் நிறமி வெளியே தெரிகிறது. சிவப்பு மட்டும் அப்படி ஒளிந்திருந்தது இல்லை. இலையில் தேங்கிய சர்க்கரையிலிருந்து அந்தக் கடைசி நாட்களில் புதிதாக உண்டாவது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத அளவுக்குக் குளிரும் இருந்தால் சிவப்பு தூக்கலாக வரும். இந்த நாட்கணக்கை அப்படியே நம் ஊருக்கு எடுத்துக்கொண்டு வந்தால் மழையில் நனைய வேண்டியதுதான். இங்கே ஐப்பசி, கார்த்திகை என்பது வடகிழக்குப் பருவமழை. மரம் குடித்துக் கொழுக்கும் காலம், உதிர்க்கும் காலம் இல்லை.

நம் மரங்களை உதிர்க்க வைப்பது தாகம். தை பிறந்து மழை நின்று, பனியும் காய்ந்த காற்றும் அடிக்க ஆரம்பித்ததும், இருக்கிற தண்ணீரைக் காப்பாற்ற மரம் இலையைக் கழற்றுகிறது. காம்பு கிளையைத் தொடும் இடத்தில் தக்கை போல ஒரு படலம் வளர்ந்து வழியை அடைத்துவிடும். பிறகு ஒரு காற்று போதும். இது தை முதல் பங்குனி வரை நடக்கும். அதன் பிறகு நடப்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். கிணறு இறங்கி, குளம் வெடித்து, கோடைமழைக்கு நாள் இருக்கும்போதே இந்த மரங்கள் துளிர்விடும். அந்தத் துளிர் பச்சையாக வராது. செம்பு நிறத்தில், ரத்தச் சிவப்பில், வெங்காயத் தோல் நிறத்தில் வரும். பச்சையம் இன்னும் ஏறாத இளம் இலையில் இருப்பதும் மேப்பிளைச் சிவக்க வைக்கும் அதே வகை நிறமிதான். மாந்தளிர் நிறம் என்று பட்டுப்புடவைக்கே பெயர் வைத்தவர்கள் நாம். பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம் என்பார்கள். நிறத்தைப் பொறுத்தமட்டில் நம் சீமையில் குருத்து சிரிப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆகவே மேலை நாட்டார் பழுத்த இலை பார்க்கப் போகிறார்கள் என்றால், நீங்கள் தளிர் பார்க்க வாருங்கள். சருகு வழியில் கிடைத்தால் லாபம்.

எப்போது கிளம்ப வேண்டும் என்பதற்கு அங்கே அரசாங்கமே வாரா வாரம் வரைபடம் போட்டு, எந்த மாவட்டத்தில் எவ்வளவு மாறியிருக்கிறது என்று சொல்கிறது. இங்கே அந்த வசதி இல்லை. நான் போன் செய்வேன். கல்லிடைக்குறிச்சியில் மதினி, கடையத்தில் பழைய உரக்கடை அண்ணாச்சி, புளியரையில் ஒரு டீக்கடைக்காரர், களக்காட்டில் என் சகலை. நான்கு போன் பேசினால் சீமையின் இலை நிலவரம் கைக்கு வந்துவிடும். ஆனால் கேட்கும் கேள்வி சரியாக இருக்க வேண்டும். "மரமெல்லாம் அழகாக இருக்கிறதா?" என்று கேட்டால் ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள். "வாசல் வேம்பு கொட்டிவிட்டதா?" என்று கேளுங்கள். மதினி உடனே சொல்லுவாள்: "கொட்டுகிறதா! விடிந்ததிலிருந்து மூன்று தடவை கூட்டிவிட்டேன். உங்கள் தம்பி மகளை வரச் சொல்லுங்கள், வாரியலைக் கையில் கொடுக்கிறேன்."

வேம்பைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. வேம்பு மாசியில் மஞ்சளாகி, ஒரு வாரத்துக்குள் மளமளவென்று கொட்டிவிடும். அது கொட்டி முடித்துச் செம்பு நிறத்தில் கொழுந்து காட்டிய நாளிலிருந்து பத்துப் பதினைந்து நாளில் அரசும் இலுப்பையும் தயாராகிவிடும். புத்தகத்தில் படித்தது இல்லை, பைக்கில் போய்வந்து நானே கண்ட கணக்கு. மழை நன்றாகப் பெய்த வருடங்களில் எல்லாமே கொஞ்சம் பிந்தும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அடுத்த மாசியில் நான் தாமிரபரணி ஆற்றோரம் போனபோது மருத மரங்களின் நடுக்கிளையில் சேலைத் துணியும் வைக்கோலும் தொங்கிக்கொண்டிருந்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த மழை அது. அந்த வருடம் இலை பார்க்க வண்டியை நிறுத்திய இடங்களிலெல்லாம் வெள்ளம் ஏறிய உயரத்தைத்தான் பார்த்தேன்.

இனி சாலைகள்.

தை மாதத்தில், அதுவும் பொங்கல் கழிந்து, செங்கோட்டை வழியாக ஆரியங்காவு போங்கள். உண்மையாகவே மேலை நாட்டு இலையுதிர்காலம் போன்ற ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றால் அதற்கு இந்தப் பக்கத்தில் இருப்பது ரப்பர்த் தோட்டம்தான். பிரேசில் மரம் என்றாலும் மலையாளக் கரையில் அது வருடத்துக்கு ஒருமுறை ஒழுங்காக இலை உதிர்க்கிறது. மூன்று மூன்றாகச் சேர்ந்த இலைகள் முதலில் மஞ்சள், பிறகு ஆரஞ்சு, பிறகு செம்பு. தோட்டம் முழுதும் ஒரே வயது மரம் என்பதால் மலைச்சரிவே ஒரே நேரத்தில் மாறும். உதிர்ந்து துளிர்க்கும் நாட்களில் பால் வெட்டுவதையும் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். ஆள் நடமாட்டம் இருக்காது, சருகு விழும் சத்தம் கேட்கும்.

பொங்கலுக்கு முன் போகாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் சபரிமலை. கார்த்திகை முதல் மகரஜோதி வரை அந்தச் சாலை ஐயப்ப பக்தர்களின் வேன்களால் நிரம்பி வழியும். நிறுத்தி ரசிக்க ஓரம் கிடைக்காது. ஜோதி முடிந்த மறுவாரம் பாதி காலி. செங்கோட்டையிலிருந்து புளியரை, அங்கே டீ, பிறகு வளைவுகள் ஏறினால் கோட்டைவாசல், அதன் பின் கேரளம். ஆரியங்காவு தாண்டிக் கழுதுருட்டியில் ரயில்வேயின் பதிமூன்று கண் பாலம் சாலையை ஒட்டியே நிற்கும். கார் ஓட்டத் தெரியாதவர்கள் செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகும் ரயிலில் ஏறி அதே பாலத்தின் மேலேயே போகலாம். சன்னலோர இடம் பிடித்தால் என் கணக்கில் காரை விட அது மேல்.

பைக்கில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விடியற்காலைப் பனியில் நனைந்த ரப்பர்ச் சருகு தார்ச்சாலையில் ஒட்டிக்கிடந்தால் எண்ணெய் கொட்டிய தரை மாதிரி. ஆரியங்காவு தாண்டி ஒரு வளைவில், இலையைப் பார்த்துக்கொண்டே திருப்பி, இலையின் மேலேயே வழுக்கி விழுந்தேன். வண்டிக்குச் சேதமில்லை. முழங்கைத் தழும்பு இன்னும் இருக்கிறது. சருகு பரவிய வளைவில் முன்பிரேக்கைத் தொடாதீர்கள்.

இரண்டாவது, தாமிரபரணியை ஒட்டிய ஆற்றுச்சாலை. என்னைக் கேட்டால் இதுதான் முதலாவது. மாசிக் கடைசியில் தொடங்கிப் பங்குனி நடு வரை. பாளையிலிருந்து முன்னீர்பள்ளம், கோபாலசமுத்திரம், பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, ஆற்றுப்பாலம் தாண்டி அம்பை, விக்கிரமசிங்கபுரம், பாபநாசம். ஏறக்குறைய 50 கிலோமீட்டர். தென்காசி நெடுஞ்சாலையை நான் சொல்லாததற்குக் காரணம், அதை நான்கு வழியாக அகலப்படுத்தியபோது ஓரத்து மரங்கள் போய்விட்டன. இப்போது அதில் வேகமாகப் போகலாம், அவ்வளவுதான்.

ஆற்றுச்சாலையில் காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். போவது மேற்கே, சூரியன் முதுகுப்பக்கம். ஆகவே போகும்போது மலையைப் பாருங்கள். பொதிகை மடிப்பு மடிப்பாகத் தெளிவாகத் தெரியும். மாசியில் என்றால் கீழே பிசான நெல் அறுவடைக்குப் பழுத்துக் கிடக்கும். வரப்பில் நிற்கும் வேம்பும் மஞ்சள், வயலும் மஞ்சள். அந்த நேரத்தில் உரம் விற்கப் போனால் ஒரு விவசாயியும் முகம் கொடுத்துப் பேச மாட்டார், அறுப்பு மும்முரம். அதனால்தான் எனக்கு மரங்களைப் பார்க்கப் பொழுது கிடைத்தது.

தளிரைப் பார்க்க வேண்டும் என்றால் வண்டியை நிறுத்தி, இறங்கி, வந்த வழியே கிழக்கு முகமாகத் திரும்பி நில்லுங்கள். தளிரின் நிறம் மேலே படும் வெளிச்சத்தில் இல்லை, ஊடுருவி வரும் வெளிச்சத்தில் இருக்கிறது. சூரியன் இலைக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் இந்த வித்தை பலிக்காது. உச்சிவெயிலில் எல்லாம் வெளிறி, அரசந்தளிர்கூட வாடின வெற்றிலை மாதிரி இருக்கும். செல்போனில் படம் எடுப்பவர்கள் திரையில் இலையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வானம் வெள்ளையாகவும் இலை கறுப்பாகவும் வரும்.

வழியில் குளக்கரை, கோவில் வாசல், படித்துறை என்று எங்கே அரசமரம் கண்டாலும் நிறுத்துங்கள். ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்று நின்றாலும் இரண்டும் ஒரே நாளில் துளிர்க்காது. ஒன்று மொட்டையாக இருக்கும், ஒன்று செம்பாக இருக்கும். போன பங்குனியில் வீரவநல்லூர்ப் பக்கம் ஒரு குளக்கரையில் தாழ்ந்த கிளையைப் பிடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். நுனியில் விரல் நுனியளவு கூர்மொட்டு. அதன் உறை வெளுத்த ரோஜா நிறத்தில் பிரிந்து, தொட்டதும் உதிர்கிறது. தரையில் அந்த உறைகள் அரிசிப்பொரி இறைத்தது போலக் கிடக்கின்றன. உறைக்குள்ளிருந்து வந்த இலை இன்னும் நிமிரவில்லை. வாலைக் கீழே போட்டுத் துவண்டு தொங்குகிறது. கன்றுக்குட்டியின் காதைத் தொட்ட மாதிரி ஈரமும் மெதுவும். எதிர்வெயிலில் நரம்பு மட்டும் இளஞ்சிவப்பு, இடையில் புதுச் செப்புக்குடத்தின் மினுக்கம். அதே கிளையில் நான்கு நாள் மூத்த இலை நிமிர்ந்துவிட்டது, ஓரத்தில் பச்சை ஏறத் தொடங்கிவிட்டது. ஒரு மரத்தில் இந்த நிறம் இருப்பது ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். மதினி போனில் "அரசு செவந்தாச்சு" என்றால் அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிடுவேன், அடுத்த ஞாயிற்றுக்கு வைத்துக்கொள்ள மாட்டேன்.

இலுப்பை நிற்கும் கோவில் தோப்புகளும் அதே பருவம்தான். தளிர் செம்மண் நிறம், கொத்துக் கொத்தாகக் கிளை நுனியில். பூ விடியற்காலையில் உதிரும். சதைப்பற்றுள்ள, பிசுபிசுக்கும் பூ. காரை இலுப்பைக்கு அடியில் நிறுத்திவிட்டுச் சாமி கும்பிடப் போகாதீர்கள். திரும்பி வரும்போது கண்ணாடி முழுதும் பாகு, அதன் மேல் வண்டு.

வீரவநல்லூரிலிருந்து திருப்புடைமருதூருக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். கடனாநதி தாமிரபரணியில் சேரும் இடம். ஊர்ப்பெயரிலேயே மருதம். 2005 முதல் பறவைகள் காப்பகமாகவும் இருக்கிறது. மருத மரம் நிறத்துக்குப் பேர்போனது இல்லை, பழுப்பாகி உதிர்த்துவிடும். ஆனால் இலை போன பிறகு அதன் வெளுத்த, வழவழப்பான அடிமரம் ஆற்றுத் தண்ணீரில் நிழலாடுவதைப் பார்க்க வேண்டும். கிளைகளில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டியிருந்தால் இலையில்லாத மரத்தில் ஒளிவுமறைவு இல்லாமல் தெரியும். அங்கே ஒலிப்பானை அடிக்காதீர்கள்.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்காமல் வந்தால் வீட்டில் ஏச்சு விழும். அதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

பாபநாசத்துக்கு மேலே முண்டந்துறைக் காடு. 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். சோதனைச்சாவடியில் பெயர் பதிந்து, கட்டணம் கட்டிப் போக வேண்டும். பகலில் மட்டுமே அனுமதி, பிளாஸ்டிக் பையும் தண்ணீர்ப் பாட்டிலும் பிடுங்கப்படும். புலிக் கணக்கெடுப்பு, காட்டுத்தீ அபாயம் என்று இடையில் சில நாட்கள் மூடுவதும் உண்டு, எந்த வண்டியை விடுவார்கள் என்ற விதியும் மாறும். முந்தின நாளே விசாரித்துவிடுங்கள். உள்ளே விட்டால், பங்குனியில் கும்பாதிரி மரத்தைத் தேடுங்கள். பூவத்தி என்றும் சொல்வார்கள். சுற்றிலும் தேக்கும் மற்றதும் மொட்டையாகச் சாம்பல் நிறத்தில் நிற்க, நடுவில் இது ஒன்று மட்டும் உச்சி முதல் அடி வரை சிவப்புத் தளிராக, சங்கரன்கோவில் சந்தையில் மிளகாய் வற்றலைக் குவித்த மாதிரி நிற்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் பூ என்றே நினைப்பார்கள். முள்ளிலவு அதற்கு முன்னாலேயே, இலை ஒன்றும் இல்லாமல் பெரிய பெரிய சிவந்த பூக்களோடு நிற்கும், அது பூதான். சாலையை விட்டு இறங்காதீர்கள். காய்ந்த காட்டில் தீக்குச்சியை எடுக்காதீர்கள். பீடி, சிகரெட் எல்லாம் சாவடிக்கு வெளியே.

மாஞ்சோலைப் பக்கம் ஏறினால் கதை வேறு. கக்காச்சி வட்டாரம் மழைக்காடு. இலை மொத்தமாக உதிர்வதே இல்லை. ஆனால் நாங்கு மரம் துளிர்க்கும்போது கரும்பச்சைக் காட்டுக்குள் ரத்தச் சிவப்புத் திட்டுகள் தெரியும். வனத்துறை அனுமதி இல்லாமல் மணிமுத்தாறு தாண்ட முடியாது. கிடைத்தால் விடாதீர்கள்.

ஆழ்வார்குறிச்சி, கடையம் வழியாகத் தென்காசி போகும் மலையடிவாரச் சாலைக்கு அரை நாள் போதும். பாரதி இரண்டு வருடம் குடியிருந்த கடையத்தில் நிற்பதற்கு இலையைத் தவிர வேறு காரணமும் இருக்கிறது. களக்காடு, திருக்குறுங்குடிப் பக்கமும் நல்லதுதான். ஆனால் காற்று அதிகம். தளிர் ஓரிடத்தில் நிற்காது, படம் எடுப்பவர் பொறுமை இழப்பார்.

எங்கும் போக முடியாதவர்களுக்கு வாதாங்கொட்டை மரம் இருக்கிறது. பாளையில் தெருவுக்கு ஒன்றாவது உண்டு. வருடத்தில் இரண்டு முறை பழுக்கும். ஒரே இலையில் பாதி பச்சை, பாதி சிவப்பு. நரம்பை ஒட்டிய இடம் மட்டும் கடைசி வரை பச்சையை விடாது. பழைய இலை சிவந்து உதிர்வதில் மேப்பிளுக்குப் பக்கத்தில் வைக்கத் தக்கது நம் தெருவில் இது ஒன்றுதான். தம்பி மகள் அடுத்த முறை மாசியில் வந்தாள். ஆற்றுச்சாலை முழுதும் சுற்றிக்காட்டிக் கூட்டி வந்தேன். கடைசியில் அவள் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனது எங்கள் வீட்டு வாசலில் கிடந்த மூன்று வாதாங்கொட்டை இலைகளை.

சித்திரை விசுவுக்குப் பாபநாசத்தில் குளிக்கக் கூட்டம் கூடும்போது வேம்பு பூத்து, கொன்றை சரம் சரமாகத் தொங்கும். தளிரெல்லாம் அதற்குள் பச்சையாகிவிட்டிருக்கும். அதன் பிறகு புழுதியும் வெயிலும்தான். ஆனியில் குற்றாலத்தில் சாரல் விழும் வரை வண்டியைச் சர்வீஸுக்கு விட்டுவிடலாம்.